கணக்கில் வராத குழந்தைகள்

தொண்ணூறுகளின் கடைசியில், சித்தூரில் அரசாங்க சுகாதார அலுவலகம் ஒன்றில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தபோது நடந்தது இது. இன்றைக்கும் இதை என்னால் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டித்தான் சொல்ல வருகிறது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது மனப்பாடம். நான் ஆரம்பித்தாலே என் வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அதனால் உங்களிடம் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கத்தில், எல்லையோரம். நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை போடும்போது இரண்டும். நைனா பவர்லூமில் கூலிக்குத் தறி ஓட்டுபவர். தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம் அது. என்னையும் ஒன்றில் சேர்த்துவிட்டார். அந்தப் புண்ணியத்தில்தான் சித்தூரில் இந்த ஒப்பந்த வேலை கிடைத்தது.

அப்போது வெளிநாட்டுக் கடனில் ஒரு திட்டம் வந்திருந்தது. கிராமத்து ஆஸ்பத்திரிகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்க நர்சுகள், ஒரு வேன், மருந்து வைக்க ஃப்ரிட்ஜ் எல்லாம் கொடுத்தார்கள். பதிலுக்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் மாதாமாதம் தன் வேலையைக் கணக்குக் காட்ட வேண்டும். அதை நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். நன்றாக நடக்கிற ஆஸ்பத்திரி பச்சை, சுமாராக நடப்பது மஞ்சள், நடக்காதது சிவப்பு. தொடர்ந்து சிவப்பில் கிடந்தால் நர்சுகளையும் வேனையும் பிடுங்கி வேறு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி மாதம் தவறாமல் சிவப்பு!

முதலில் எனக்கும் அது ஒரு நிறம்தான். ஒரு நாள் அந்த மாதத்துக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் சுருக்கென்றது. பிரசவம் என்ற கட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதே மாதம் என் அக்கா அந்த ஆஸ்பத்திரியில்தான் குழந்தை பெற்றாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் முதல் அழுகையை என் காதால் கேட்டேன். அன்றைக்கு உள்ளே இன்னும் இரண்டு பேர் வலியோடு படுத்திருந்தார்கள். அப்படியென்றால் அந்தக் குழந்தைகள் எல்லாம் எங்கே போயின?

அங்கிருந்த நர்சம்மாவுக்கு உடனே போன் போட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்மணிதான், வாட்டசாட்டமானவர், பேச ஆரம்பித்தால் பிரேக் கிடையாது. "நீங்க எழுதி அனுப்பறது இல்லியா?" என்று நான் எகிறினேன்.

"எழுத எங்கம்மா எடம் குடுத்தீங்க? எங்க ஊருங்கள்ல பேரு பதிஞ்ச மாசமான பொண்ணுங்க எத்தினி பேரு, அதுல ஆஸ்பத்திரியில பெத்தவங்க எத்தினி பேருன்னுதான் கேக்கறீங்க. உங்க அக்கா பேரு அம்பத்தூர்ல பதிஞ்சி கீது. எந்தக் கட்டத்துல எழுதறது? உன் தலையிலயா?"

அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாம் கம்பெனி வேலைக்கென்று சென்னைப் பக்கம் போய்க்கொண்டிருந்த சமயம் அது. பெண் கொடுப்பவர்களும் கம்பெனி மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். ஆகவே எங்கள் ஊர்ப் பெண்கள் அம்பத்தூர், ஆவடி, ஸ்ரீபெரும்புதூர் என்று வாழப் போனார்கள். கர்ப்பமானதும் அங்கேயே பெயரைப் பதிவு செய்வார்கள். ஆனால் தலைப்பிரசவத்துக்கு எங்கே வருவார்கள்? அம்மா வீட்டுக்குத்தானே! எங்கள் ஆஸ்பத்திரியில் அவர்கள் பெற்ற பிள்ளைகள் எங்கள் கணக்கில் இல்லை. இது போதாதென்று, எங்கள் ஊருக்கு வாழ வந்த மருமகள்கள் இங்கே பெயரைப் பதிந்துவிட்டு, வளைகாப்பு முடிந்ததும் திருத்தணி, பள்ளிப்பட்டு என்று தங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். கணக்கில் அவர்கள் ஆஸ்பத்திரிக்கே வராதவர்கள். வந்தவளும் சேர்த்தி இல்லை, போனவளும் குறைச்சல். பிறகு சிவப்பு வராமல் என்ன வரும்?

எனக்கு ஆத்திரமும் உற்சாகமும் ஒன்றாகப் பொங்கின. ஓடிப்போய் என் அதிகாரியிடம் மூச்சுவிடாமல் கொட்டினேன். நல்ல மனிதர், நிதானமானவர். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ சொல்றது சரிதான். ஆனா அவங்க பேரு அந்த மாநிலத்துக் கணக்குல ஏறியிருக்கும். நாமளா சேத்துக்கிட்டா ஒரே குழந்தை ரெண்டு எடத்துல வரும். அது பொய்க் கணக்கும்மா" என்றார். என் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தாரோ என்னவோ, "வர்ற வெள்ளிக்கிழமை ஹைதராபாத்துலருந்து பெரிய மேடம் உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கே வர்றாங்க. சனிக்கிழமை திருப்பதி மீட்டிங்குல எந்த ஆஸ்பத்திரியை எடுக்கறதுன்னு முடிவு சொல்லிடுவாங்க. அவங்க கண்ணால பார்த்தா அது வேற" என்றார்.

கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? பார்க்க வைக்கிறேன்!

பிரசவம் ஆன பெண்கள் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் புருஷன் வீட்டுக்குத் திரும்புவார்கள். ஆகவே அந்தக் குழந்தைகள் எல்லாம் இன்னும் எங்கள் ஊர்களில்தான் இருந்தன. லீவு போட்டுவிட்டு ஊருக்கு ஓடினேன். நர்சம்மாவும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும் என்று கேட்டோம்.

சுலபமாக நடந்துவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். "எல்லாக் கொழந்தையையும் ஒரே எடத்துல நிக்க வெச்சா கண்ணு படாதா?" என்று ஒரு வீட்டில் கதவையே சாத்தினார்கள். நர்சம்மா விடவில்லை. மூடின கதவைப் பார்த்தே பேசினார். "நான் இங்க வர்றதுக்கு முன்ன, பெரிய ஆஸ்பத்திரிக்கு போற வழியில ரயில்வே கேட்டு போட்டுட்டாங்கன்னு ஆட்டோவிலயே ஒருத்தி பெத்தாளே, நெனவு கீதா? அந்தப் புள்ள இன்னா ஆச்சி? என்னையும் வேனையும் வேற ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னா மறுபடி அந்தக் கேட்டுலதான் நிப்பீங்க."

அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். கதவு மெல்லத் திறந்தது. என் அக்கா முதல் ஆளாக, "என் புள்ளைய நான் தூக்கிகினு வரேன். மைப்பொட்டு வெச்சா கண்ணு படாது" என்று அறிவித்தாள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாகத் தலையை ஆட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பத்தரை மணிக்கே என் அதிகாரியின் ஜீப்பும் மேடத்தின் காரும் வந்து நின்றன. மேடம் நல்ல உயரம், கண்ணாடி, அரக்கு நிறப் பட்டுப்புடவை. இங்கே வேலை முடிந்ததும் நேரே திருமலை. சாயந்தரம் தரிசனம். சித்தூர்ப் பக்கம் ஆய்வுக்கு வருகிற எந்த அதிகாரிக்கும் பெருமாள்தான் கடைசி ஆய்வு என்று எங்கள் ஆபீசில் கேலி பேசுவோம். கூட ஒரு இளைஞர், மடியில் வைத்து இயக்குகிற கம்ப்யூட்டரோடு வந்திருந்தார். நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

பதினொரு மணி. வாசலில் ஒருவரும் இல்லை. பதினொன்று பத்து. ஒரு நாய் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மேடம் காலிக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "ஏமம்மா, இக்கட எவரூ லேரே?" என்றார். இங்கே யாருமே இல்லையே என்று. நான் தெலுங்கில் மடமடவென்று அம்மா வீட்டுக் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால், "சிவப்புல இருக்கற ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் நிறைய பேர் வர்றாங்க, கணக்குலதான் வரலைன்னு ஏதாவது ஒரு காரணம் சொல்றாங்கம்மா. நான் எதை நம்பறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இளைஞர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். ஒவ்வொரு தட்டும் என் மண்டையில் விழுந்தது.

பின்பக்கமாக நழுவி எங்கள் வீட்டுக்கு ஓட்டம் பிடித்தேன். அடுத்த தெருதான். போனால், என் அக்கா வாசற்படியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறாள்! குழந்தையைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, கன்னத்தில் பொட்டு வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு!

"அங்க எல்லாம் முடிஞ்சி போய்க்கினு கீது, நீ இன்னா இங்க குந்திகினு கீற?" என்று கத்தினேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "ராகு காலம்டீ. பச்சப்புள்ளைய தூக்கிகினு எவளாவது வெளிய வருவாளா? பன்னண்டு ஆவட்டும்."

தெருவைத் திரும்பிப் பார்த்தேன். அடக் கடவுளே! வாசலுக்கு வாசல் ஒருத்தி. எல்லோரும் தலை வாரி, பூ வைத்து, மடியில் குழந்தையோடு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் என்பது எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். சித்தூர் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது மறந்தே போயிருந்தது. நர்சம்மாவுக்கோ, வலிக்கு ராகு காலம் கிடையாது என்பதால் அந்த நினைப்பே வருவதில்லை. நான் பதினொரு மணி என்று சொன்னபோது எல்லோரும் சரி சரி என்று தலையாட்டியதற்கு, ராகு காலம் கழித்து என்றுதான் அர்த்தம். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. கெஞ்சினேன், அதட்டினேன். அக்காவை அசைக்க முடியவில்லை.

திரும்ப ஓடினேன். மேடம் கைப்பையை எடுத்துவிட்டார். கார் டிரைவர் கதவைத் திறந்து வைத்திருந்தார். மணி பதினொன்றரைகூட ஆகவில்லை. நர்சம்மாவின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு வினாடி என்னை முறைத்தார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேரே மேடத்தின் முன்னால் போய் நின்றார்.

"மேடம், நேரா கொண்டைக்கா போறீங்க?" என்று தெலுங்கில் கேட்டார். கொண்டை என்றால் தெலுங்கில் மலை, எங்கள் பக்கத்தில் அது திருமலைதான்.

"ஆமா."

"ராகு காலத்துலயா கிளம்பறீங்க?"

மேடம் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். டிரைவர் பட்டென்று கதவைச் சாத்தினார். அவருக்கும் அது மனசில் உறுத்திக்கொண்டிருந்திருக்கும் போல. கம்ப்யூட்டர் இளைஞர் மட்டும், நேரமாகிறதே என்று இழுத்தார். மேடம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பன்னிரண்டுக்குக் கிளம்பலாம். அதுவரைக்கும் பிரசவ அறையைக் காட்டுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. எந்த ராகு காலம் குழந்தைகளை வரவிடாமல் செய்ததோ, அதே ராகு காலம் மேடத்தைப் போகவிடாமல் பிடித்து வைத்துவிட்டது! இப்படி ஒரு உதவியை நான் எந்த ஆபீசிலும் மனுப் போட்டு வாங்கியிருக்க முடியுமா, சொல்லுங்கள்?

பன்னிரண்டு மணிக்கு டிரைவர் மறுபடி கதவைத் திறந்தார். அதே நேரம் தெருமுனையில் என் அக்கா தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் நாலு பேர். அப்புறம் எண்ண முடியவில்லை. பக்கத்து ஊர்க்காரிகள் ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துகொண்டு, ராகு காலம் முடிகிறவரை ஆட்டோவை நகர விடவில்லையாம். ஆட்டோக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்கள். ஒவ்வொரு குழந்தையின் கன்னத்திலும் வடை அளவுக்கு மைப்பொட்டு. ஒன்று அழ ஆரம்பித்ததும் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆஸ்பத்திரி முற்றத்தில் பேசினால் காதில் விழவில்லை.

மேடம் காரில் ஏறவே இல்லை. ஒவ்வொருத்தியிடமும் போய், புருஷன் வீடு எந்த ஊர் என்று கேட்டார்.

"அம்பத்தூரு."

"ஆவடி."

"ராணிப்பேட்டை, மேடம். தோல் கம்பெனி."

"குழந்தை எங்கே பிறந்தது?"

எல்லோரும் பிரசவ அறையைக் கை காட்டினார்கள். கூட்டத்தில் ஒரு மாமியார் முன்னால் வந்து, தன் மருமகள் அம்மா வீட்டில் பெறப் பள்ளிப்பட்டுக்குப் போய்விட்டாள் என்றும், அதற்காக இந்த நர்சம்மா மேல் பழி போடுவது அடுக்குமா என்றும் சண்டைக்கே நின்றாள். மேடம் சிரித்துக்கொண்டே என் அக்கா பிள்ளையைக் கையில் வாங்கினார். அவன் எங்கள் குடும்பத்துப் பிள்ளை ஆயிற்றே, சும்மா இருப்பானா? பட்டுப்புடவையில் தாராளமாக நனைத்துவிட்டான். என் அக்காவுக்கு உயிரே போய்விட்டது. "பச்சப்புள்ளதானே மேடம், ஒண்ணும் தோஷமில்ல" என்று நர்சம்மா துண்டோடு ஓடி வந்தார். முற்றமே சிரித்தது. மேடமும் சிரித்தார். கிளம்பும்போது மட்டும் முடிவைச் சொல்லவில்லை. "நாளைக்குத் திருப்பதியில பேசலாம்" என்றதோடு சரி.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் திருப்பதியில் ஒரு பெரிய ஹாலில் மீட்டிங். எங்கள் மாவட்டம், பக்கத்து மாவட்டம் எல்லா ஆஸ்பத்திரி டாக்டர்களும் வந்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் இருப்பது திரையில் பெரிதாகத் தெரியும்படி வைத்திருந்தார்கள். அதை இயக்குகிற வேலை எனக்கு. மேடம் நெற்றியில் குங்குமத்தோடு வந்தார். வரிசையாகப் பேசிக்கொண்டே வந்து எங்கள் ஊர் வரியில் நின்றார். அந்த வரி முழுக்கச் சிவப்பு.

"இந்தக் கணக்குத் தாளைத் தயார் செய்தவர்களில் நானும் ஒருத்தி" என்று மேடம் தெலுங்கில் ஆரம்பித்தார். "என் இரண்டு குழந்தைகளையும் நான் என் அம்மா வீட்டுக்குப் போய்த்தான் பெற்றேன். அப்படியும் இது எனக்குத் தோன்றவில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "இங்கே புதுசா ஒரு கட்டம் சேர்த்துடும்மா. பிறந்த வீட்டுக்கு வந்து பெற்றவர்கள்."

சேர்த்தேன். புருஷன் வீட்டு விலாசத்தையும் கட்டாயம் எழுத வேண்டும், அந்த மாநிலத்துக்குத் தகவல் அனுப்பினால் ஒரே குழந்தை இரண்டு முறை வராது என்று மேடம் சொன்னதும் என் அதிகாரி நிம்மதியாக மூச்சு விட்டார். மேடம் முந்தின நாள் எங்கள் பிரசவ அறைப் பதிவேட்டிலிருந்து குறித்து வந்த எண்ணைச் சொன்னார். தட்டினேன். எங்கள் ஊர் வரி கண் எதிரே மஞ்சளைத் தாண்டிப் பச்சையாக மாறியது!

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கையைக்கூடத் தட்டிவிட்டேன், வெட்கமில்லாமல். ஆனால் எனக்கு முன்பே வேறு ஒருவர் எழுந்து நின்றிருந்தார். தடா பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர், வயதானவர். "மேடம், எங்களுக்கும் இதேதான். எல்லோரும் எங்களைச் சோம்பேறிகள் என்றே நினைத்துவிட்டார்கள்" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. குப்பம் பக்கத்திலிருந்து இன்னொருவர் எழுந்தார். அவர்களுடைய பெண்கள் கர்நாடகத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லையோரத்து டாக்டர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் எங்கள் ஊர் ஒன்றைத்தான் நினைத்து ஓடினேன். எல்லைக்கோடு நெடுக இத்தனை பேர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அன்றைக்கு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நர்சம்மாவும் வேனும் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, ஊரெல்லாம் ஊறப் பெய்த ஒரு மழை நாளில், நானும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து அதே அறையில்தான் என் மகளைப் பெற்றேன். ரயில்வே கேட் மூடியிருந்ததாம், எனக்கு அது தெரியவே தெரியாது. இன்றைக்கும் எந்த அறிக்கை என் கைக்கு வந்தாலும் அதில் வந்தவர்களைப் பார்க்கும் முன்பு வராமல் போனவர்கள் யார் என்றுதான் தேடுகிறேன், ஏனென்றால் அப்படி ஒருமுறை தேடியதால்தான் என் மகள் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, போதும், எல்லாருக்கும் தெரியும்" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறாள்.